கப்பலில் குடித்த சூப்பு கூலாய் அடுப்பில்: பெயரைப் பிரித்தால் நம் வீட்டு மிளகுத் தண்ணி

கூலாய்: பெரியம்மா போன் செய்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். "உனக்குத்தான் தமிழ் படிச்ச பட்டம் இருக்கே, இத்தாலிக்காரன் சூப்பு ஒன்னு எப்படி வைக்கிறதுன்னு பார்த்துச் சொல்லும்மா" என்றார். தமிழ் படித்ததற்கும் இத்தாலிக்காரன் சூப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் புரிந்தது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பாவுக்குக் கடந்த ஆண்டு பக்கவாதம் வந்தது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனை லாரி ஓட்டி ஓய்ந்தவர். பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சும் மெல்ல வந்துவிட்டது. ஆனால் விழுங்குவதில் சிரமம் நீங்கவில்லை. தண்ணீர் குடித்தால் இருமல். தேத்தண்ணீர் குடித்தால் இருமல். அவருக்கு உயிரான ரசத்தை ஒரு வாய் வைத்தால் கண்ணில் நீர் வரும் அளவுக்கு இருமல். அதனால் அவர் ரசமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ரசம் போனதோடு சோறும் குறைந்தது. பத்துக் கிலோவுக்கு மேல் இளைத்துப் போனார்.

அவர்களுடைய மகன், என் அண்ணன், தினமும் காலை நான்கரை மணிக்குக் கிளம்பிப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். அப்பாவுக்குக் கொஞ்சம் மாற்றமாக இருக்கட்டும் என்று மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தார். மரினா பேயில் ஏறி, கடலைச் சுற்றிவிட்டு மறுபடியும் அங்கேயே இறங்குகிற பயணம். இப்போது ஜொகூரில் பல தமிழ்க் குடும்பங்கள் பிறந்தநாள், திருமண நாளுக்கு இப்படிப் போய் வருகின்றன.

கப்பலில் இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில் மஞ்சள் நிறத்தில், கூழ் மாதிரி கெட்டியாக ஒரு சூப்பு வந்திருக்கிறது. பெரியப்பா ஒரு கரண்டி வைத்தார். இருமல் இல்லை. இன்னொரு கரண்டி. இருமல் இல்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் ஒரே பாட்டு: அந்தச் சூப்பு வேண்டும்.

பெரியம்மா கெட்டிக்காரர். அன்றைய உணவு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "முல்லிகட்டானி" என்று பெயரையும் சொன்னார். மக்ரோனி, ரிகட்டோனி என்றெல்லாம் இருப்பதால் இதுவும் இத்தாலிக்காரன் சமாசாரம் என்று முடிவு கட்டியிருக்கிறார். அட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளை நான் மெல்ல வாய்விட்டுப் படித்தேன். முல்லி‑க‑டானி. மில்லி‑க‑தாணி. மிளகு‑த்‑தண்ணி.

பெரியப்பா இருமலுக்குப் பயந்து ஒதுக்கிய ரசம்தான் கெட்டியாகி, பெயர் மாறி, கப்பலேறி அவரிடம் வந்திருக்கிறது.

கைதி பாடிய பாட்டு

'முல்லிகட்டானி' என்று உலகம் சொல்லும் இந்தச் சூப்பின் பெயர் தமிழிலிருந்து போனது என்பதில் அகராதிக்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை. இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய கலப்புச் சொற்களைத் திரட்டி ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் இருவரும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி இதை மிளகும் தண்ணீரும் சேர்ந்த தமிழ்ச் சொல் என்று பதிவு செய்கிறது.

அந்த அகராதி காட்டும் பழைய சான்று 1784ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது ஒரு பாட்டு. எழுதியவர் ஒரு கடற்படைக்காரர். ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர்களில் ஒருவர். பெங்களூர்ச் சிறையில் தினமும் மிளகுத் தண்ணியும் கஞ்சியும்தான் சாப்பாடு என்று அவர் புலம்புகிறார். இன்று கப்பலில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வரும் இந்தச் சூப்பு, ஆங்கில எழுத்தில் முதலில் தலைகாட்டும் இடங்களில் ஒன்று ஜெயில் சாப்பாடு. எழுதியவரும் கப்பல்காரர்.

அந்தப் பாட்டில் வரும் கஞ்சியும் நம் சொல்தான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் காலைப் பசியாறலுக்குச் சீன முறையில் வைக்கும் கஞ்சிக்கும் ஆங்கிலத்தில் அதே தமிழ்ப் பெயர்தான் எழுதியிருக்கும். ஒரே கப்பலில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆவி பறக்க நிற்கின்றன. நாம்தான் கவனிப்பதில்லை.

சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களுக்கு 'மல்' என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. முல்லிகட்டானியைச் சுருக்கினால் மல். வங்காளத்திலும் பம்பாயிலும் இருந்த வெள்ளைக்காரர்கள் அவர்களை அப்படித்தான் கேலி செய்தார்களாம். மிளகுத் தண்ணியை அந்த அளவுக்குக் குடித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

ரசம் எப்படிச் சூப்பு ஆனது?

நம் சாப்பாட்டில் ரசத்துக்கு என்று ஓர் இடம் உண்டு. குழம்புக்குப் பிறகு, மோருக்கு முன்பு, சோற்றோடு. ஆங்கிலேயர் இரவுச் சாப்பாடு அப்படியல்ல. முதலில் சூப்பு வந்தாக வேண்டும். அதன் பிறகுதான் இறைச்சி. நம் சமையலில் அப்படிச் சாப்பாட்டுக்கு முன் தனியாகக் குடிக்கும் பண்டம் கிடையாது. துரை வீட்டுச் சமையற்காரர்களுக்குக் கைவசம் இருந்த நீர்ச் சாறு மிளகு ரசம் ஒன்றுதான். அதையே எடுத்து, கோழியோ ஆட்டிறைச்சியோ வேகவைத்த சாற்றைச் சேர்த்து, நெய்யில் வதக்கிய வெங்காயத்தைப் போட்டு, மாவோ பருப்போ கொண்டு கெட்டியாக்கியிருக்கிறார்கள். மெல்ல மெல்ல அது வேறொரு பண்டமாக மாறிவிட்டது.

இந்த மாற்றத்தை அன்றைக்கே கவனித்து எழுதியவர் ஒருவர் உண்டு. சென்னைக் குதிரைப்படை அதிகாரி கென்னி ஹெர்பர்ட். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878இல் சென்னை வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காகச் சமையல் புத்தகம் வெளியிட்டவர். அவர் சூப்பு முறைகளைச் சொல்லும்போது, இதன் மூலம் சென்னை ஏழைகள் வீட்டில் வைக்கும் மிளகுத் தண்ணிதான் என்று சொல்லி, அதற்கு வேண்டியதையும் எழுதுகிறார். புளி, காய்ந்த மிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, உப்பு, கறிவேப்பிலை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மா வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும் டப்பாக்களை யாரோ கணக்கெடுத்துப் போன மாதிரி இருந்தது.

இங்கிலாந்துக்குப் போனபோது இன்னும் மாறியது. அங்கே புளி எளிதில் கிடைக்காது, மாங்காயும் கிடையாது. புளிப்புக்குச் சமையல் ஆப்பிள் வந்தது. மிளகு, மல்லி, சீரகம் என்று தனித்தனியாக வறுத்து அரைக்க ஆள் இல்லாததால் மசாலைத்தூள் வந்தது. லண்டனில் மசாலைத்தூளுக்கு நாளிதழில் விளம்பரம் வந்ததும் அதே 1784இல்தான். 1845இல் எலைசா ஆக்டன் எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலக் குடும்பச் சமையல் புத்தகத்தில் இந்தச் சூப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. பின்னாளில் ஹைன்ஸ் கம்பெனி டின்னில் அடைத்து விற்கத் தொடங்கியது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் ஒரு பழைய நகைச்சுவை நாடகம் உண்டு, 1963இல் பதிவு செய்தது. அதில் வயதான சீமாட்டிக்குப் பணியாள் முதலில் பரிமாறுவது இந்தச் சூப்புதான். தமிழே தெரியாத கோடிக்கணக்கான ஜெர்மானியர்கள் புத்தாண்டுக்கு முன் ஒருமுறை 'மிளகுத் தண்ணி' என்று காதால் கேட்டுவிடுகிறார்கள்.

சென்னையிலும் கோலார் தங்கவயலிலும் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மட்டும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. சோற்றில் ஊற்றும் ரசத்தை அவர்கள் 'பெப்பர் வாட்டர்' என்று நேராக மொழிபெயர்த்துச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல் ஆசை. தமிழ் படித்தவளை இதோடு விடமாட்டார்கள் அல்லவா. சங்கப் பாடல்களில் 'கறி' என்றால் மிளகு. முசிறித் துறைக்கு யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மிளகு மூட்டைகள் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மிளகாய் பிறகு போர்ச்சுக்கீசியர் கையில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மிளகு போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய். அதுவரைக்கும் நம் வாய்க்குக் காரம் என்றால் மிளகுதான். இரசம் என்பது வடசொல். பழைய பேச்சில் சாறு. வைணவக் குடும்பங்களில் இன்றும் சாற்றமுது என்பார்கள்.

மிளகு விளைந்த ஜொகூர்

இது எங்கோ சென்னைக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஜொகூர் மாநிலச் சின்னத்தை அடுத்த முறை பார்க்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு புலிகளின் காலடியில் இருக்கும் இலைகள் கம்பீரும் மிளகும்.

ரப்பருக்கு முன்னால் ஜொகூரை வளர்த்தவை இந்த இரண்டு பயிர்கள். 1844 தொடங்கி, தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில், சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரை நிலங்களைச் சாகுபடிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்றுக்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர். தலைவர் 'கங்சூ', அவருடைய குடியிருப்பு 'கங்கார்'. இன்று கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று நாம் சொல்லும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் அந்த மிளகுக் காலத்து மிச்சம். கம்பீர் இலையைக் காய்ச்சிய பிறகு மிஞ்சும் சக்கை மிளகுக் கொடிக்கு எருவானது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பயிரிட்டார்கள். 1917இல் கங்சூ முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அந்த நேரத்தில் காடுகள் ரப்பராக மாறிக்கொண்டிருந்தன. பால் எடுக்க நம்மவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது நாம் கடையில் வாங்கும் மலேசிய மிளகில் ஏறக்குறைய எல்லாமே சரவாக்கில் விளைவது.

பெரியப்பாவின் அம்மா, எங்கள் பாட்டி, சிறுமியாக இருந்தபோது அப்படி வந்தவர்தான். ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து 1937இல் வந்ததாகச் சொல்வார். ராஜூலா 1926இல் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. மேலே கேபின் வகுப்புகள்; கீழே தட்டில் பாய் விரித்துப் படுத்த ஆயிரக்கணக்கானோர். பாட்டி கீழ்த்தட்டு. கப்பலைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் வாந்தி, புழுக்கம், தன் அம்மா டப்பாவில் போட்டுக் கொண்டுவந்த ரசப்பொடி. மேல்தட்டில் என்ன பரிமாறினார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

அவருடைய மகன் எண்பத்தெட்டு ஆண்டு கழித்து இன்னொரு கப்பலின் மேல்தட்டில் மேசை போட்டு உட்கார்ந்து அதே பொடியின் வாசனையைக் குடித்திருக்கிறார். இதை நான் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னது: "அதெல்லாம் சரி, எப்ப வைக்கலாம்?"

ரசத்துக்கு இருமல், சூப்புக்கு இல்லை. ஏன்?

பல வீடுகளில் பக்கவாதம் கண்டவர்கள் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் ஒரு வாய் விழுங்கும்போது மூச்சுக்குழலை ஒரு மூடி கண நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. உணவு, உணவுக்குழாய் வழியே இறங்கிவிடுகிறது. பக்கவாதத்தில் தொண்டைத் தசைகள் பலவீனமானால் அந்த மூடல் தாமதமாகும். தண்ணீர், தேத்தண்ணீர், ரசம் போன்றவை மிக வேகமாக ஓடும். மூடி அடைவதற்குள் கொஞ்சம் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடனே இருமல். சிலருக்கு இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் உண்டாக்கும். அது ஆபத்து. கெட்டியான திரவம் மெல்ல நகரும். தொண்டைக்கு நேரம் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் சிலருக்குத் தண்ணீரிலேயே கெட்டியாக்கும் தூளைக் கலந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

கப்பல் சூப்பு பெரியப்பாவுக்கு ஒத்துப்போனதற்கு அதன் பதம்தான் காரணம். ஆனால் ஒரு எச்சரிக்கை. சூப்பு கெட்டியாக இருந்து அதில் சோற்றுப் பருக்கையோ கோழித் துண்டோ மிதந்தால் அது சிரமத்தைக் கூட்டும். திரவத்தையும் திடத்தையும் ஒரே வாயில் சமாளிப்பது பலவீனமான தொண்டைக்குக் கடினம். அதனால் வடிகட்ட வேண்டும். எந்த அளவு கெட்டி என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பேச்சு, விழுங்கல் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். நாங்களும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தோம். நீங்களும் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். எப்படியானாலும் நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியில், அவசரப்படுத்தாமல் கொடுக்க வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் ஞாயிறு நான் செய்த தப்பு, கொதிக்கும் சாற்றில் மசாலைத்தூளை நேராகக் கொட்டியது. பச்சை வாடை போகவே இல்லை. மஞ்சளின் நிறமும் மல்லி, சீரகத்தின் வாசனையும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். தண்ணீரில் போட்டால் தூள் தூளாகவே நிற்கும். பெரியப்பா ஒரு கரண்டி வைத்துவிட்டு, "தாமான் கல்யாணத்துல மிச்சமான கறித் தண்ணி" என்றார். பேச்சு நன்றாகத் திரும்பிவிட்டது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

இரண்டாம் ஞாயிறு வாசனை சரியாக வந்தது. ஆனால் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டு அடுப்பைக் குறைக்க மறந்தேன். பால் திரிந்து திட்டுத் திட்டாக எண்ணெய் மிதந்தது. புளியும் கொதியும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். அதோடு அடியும் பிடித்தது. கப்பல் சமையற்கட்டில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே சூப்பு வைக்கும் பெரிய கொப்பரைகளுக்கு இரட்டைச் சுவர் உண்டு. நடுவில் நீராவி ஓடும். நெருப்பு நேராகப் படாததால் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சுலபத்தில் அடிப்பிடிக்காது. நம் காஸ் அடுப்பில் அடிகனமான சட்டியும் கிண்டிக்கொண்டே இருக்கும் கையும்தான் வழி.

மூன்றாம் ஞாயிறு சரியாக வந்தது. அந்தக் கணக்கைத்தான் கீழே தருகிறேன். நான்கு பேருக்கு.

முதலில் எலும்புச் சாறு. அரைக் கிலோ கம்போங் கோழி எலும்பைச் சுத்தம் செய்து ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போடுங்கள். ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைச் சட்டியில் கருக வாட்டிச் சேருங்கள். ஒரு கேரட்டைத் துண்டாக்கிப் போடுங்கள். கப்பலில் செலரித் தண்டு போடுவார்கள். நம் பசாரில் 'டாவுன் சூப்' என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அது இரண்டு தண்டு போதும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே வரும் நுரையை எடுத்துப்போட்டு, ஒன்றரை மணி நேரம் மெல்ல விடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் சாறு கலங்கிவிடும். வடிகட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கிடைக்கும். உப்பு இப்போது வேண்டாம். கடையில் விற்கும் சூப்புக் கட்டிகளையும் நான் தவிர்த்தேன். அவற்றில் உப்பு அதிகம், இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் எலும்புக்குப் பதில் முட்டைக்கோசுத் தண்டு, இன்னொரு கேரட், கூடுதலாக ஒரு வெங்காயம். முக்கால் மணி நேரம் போதும்.

அடுத்தது பொடி. ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு, இரண்டு காய்ந்த மிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம். வாசனை எழும் வரை வெறும் சட்டியில் வறுத்து அரையுங்கள். வெந்தயம் கருகினால் எல்லாம் கசக்கும், கவனம். இதற்கு நேரமில்லை என்றால் பாபாஸ் மாதிரி எந்த இறைச்சி மசாலைத்தூளிலும் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளலாம். கப்பலிலும் டின்னில் வரும் தூளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் ஊகம். அந்த ருசி வேண்டுமானால் அதுவே கிட்ட வரும். எங்கள் வீட்டில் வறுத்து அரைத்ததுதான் ஜெயித்தது.

அடிகனமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டைப் பொன்னிறத்துக்குச் சற்று மேலே போகும் வரை நிதானமாக வதக்குங்கள். பதினைந்து நிமிடமாவது ஆகும். இதில் அவசரம் கூடாது; கப்பல் சூப்பின் லேசான இனிப்பு பாதி இங்கிருந்துதான் வருகிறது. பிறகு ஆறு பல் பூண்டு, ஒரு விரல்கணு இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதன் மேல் பொடியும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் போட்டு, தீயைக் குறைத்து, எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள்.

தோல் சீவிய பச்சை ஆப்பிள் ஒன்றை நறுக்கிப் போடுங்கள். ஆப்பிளா என்று பெரியம்மா முகம் சுளித்தார். புளிப்பு மாங்காய் கிடைத்தால் பாதி போதும். அதுதான் இங்கே இயல்பானதும்கூட. ஆனால் கப்பல் ருசி ஆப்பிளில்தான் வருகிறது. கழுவிய மைசூர்ப் பருப்பு நூறு கிராம், எலும்புச் சாறு முழுவதும் சேர்த்து, பருப்புக் குழையும் வரை அரை மணி நேரம் வேகவிடுங்கள். கப்பலில் கெட்டிக்கு மாவும் வெண்ணெயும் வறுத்துச் சேர்ப்பது வழக்கம். நமக்குப் பருப்பே போதும், சத்தும் கூட.

ஆறிய பிறகு பிளெண்டரில் வழுவழுவென்று அரைத்து, கண் சிறிய வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடியுங்கள். கறிவேப்பிலை நார், பூண்டுத் திப்பி ஒன்றும் இருக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது பிளெண்டரை மூடி ஓட்ட வேண்டாம். ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். எங்கள் சுவரில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது.

மறுபடி அடுப்பில் வைத்து, கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு தீயை மிகவும் குறைத்து நூறு மில்லி தேங்காய்ப்பால். பாக்கெட் சந்தானும் பரவாயில்லை. இதற்கு மேல் கொதிக்கக் கூடாது, சூடேறினால் போதும். உப்பு அரைத் தேக்கரண்டியில் தொடங்கி ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கப்பல் சூப்பில் இது இல்லை. இறக்கியதும் அரைத் தேக்கரண்டி மிளகை அப்போதே நுணுக்கித் தூவிக் கலக்குங்கள். மிளகின் காரம் கொதியிலும் நிற்கும். வாசனை நிற்காது, ஆவியோடு போய்விடும். அதனால்தான் அரை மணி நேரம் வெந்த பொடியில் காரம் இருந்தாலும் மிளகு மணப்பதில்லை. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு இந்தத் தூள் மாவு போல் நைசாக இருக்க வேண்டும். காரம் சிலருக்கு இருமலைத் தூண்டும். முதல் நாள் பாதி அளவு போட்டுப் பாருங்கள்.

கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல வழிந்து சொட்ட வேண்டும். எங்கள் சிகிச்சையாளர் பெரியப்பாவுக்குச் சொன்ன பதம் அது. நன்றாக இருப்பவர்கள் இன்னொரு குவளை சாறு ஊற்றித் தளர்த்தி, ஒரு கரண்டிச் சோறும் உதிர்த்த கோழியும் போட்டு, எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம். மிச்சத்தை ஆறவைத்து உடனே குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் வரும். சூடாக்கும்போது மறுபடியும் கொதியைக் கவனியுங்கள், பால் திரியும்.

மூன்றாம் ஞாயிறு பெரியப்பா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். இருமவில்லை. கப்பலில் குடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது வேற. இது எங்கம்மா வைக்கிற ரசம், கட்டியா இருக்கு" என்றார்.

பெரியம்மாவுக்கு அது பாராட்டா குறையா என்று விளங்கவில்லை. "அப்ப கப்பல் சூப்பு வரலியா?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்வதற்குள் பெரியப்பா கிண்ணத்தை நீட்டிவிட்டார்.